வாசல் கேமராவும் ஒளித்து வைத்த கேமராவும்



கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசிக்கும் இரு சகோதரர்களுக்கு இடையே எழுந்த வழக்கு ஒன்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சொத்துத் தகராறாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பிரச்சினை கேமரா. வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் ஒரு தரப்பினர் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தி இயக்கினர். மறு தரப்பினர் அதற்கு உடன்படவில்லை. உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமராவை இயக்குவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நாளிதழ்களில் இது சிறிய செய்தியாகவே வந்து போனது. ஆனால் நம் வீடுகளுக்கு இதில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும்படி வைத்த கேமராவுக்கே உடன் வசிப்பவரின் சம்மதம் வேண்டும் என்றால், யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கும் கேமராவைப் பற்றி என்ன சொல்வது?

பயம் பொய்யல்ல

பங்கில் வீடு மந்திரிக்கப் போகும்போது ஒரு மாற்றத்தைக் கவனிக்கிறேன். முன்பெல்லாம் புது வீட்டு வாசலில் சிலுவையும் உள்ளே திரு இருதயப் படமும் இருக்கும். இப்போது அவற்றோடு வாசலில் ஒரு கேமராவும் இருக்கிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பூட்டிய வீடுகளில் கொள்ளை நடக்கிறது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வயதான பெற்றோர் தனியே இருக்கிறார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட, கைக்குழந்தை ஆயாவிடம் இருக்கிறது. இந்தக் குடும்பங்களின் பயத்தைச் சந்தேகப் புத்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

அந்தப் பயத்தை நம்பித்தான் ஒரு வியாபாரமும் நடக்கிறது. சுவர்க் கடிகாரம், செல்பேசி சார்ஜர், மின்விளக்கு, பேனா, பொம்மை, புகை வந்தால் ஒலிக்கும் கருவி என்று எந்த வடிவத்திலும் கேமரா கிடைக்கிறது. சில ஆயிரம் ரூபாய் போதும். படத்தை உள்ளே இருக்கும் சிறு அட்டையில் சேமிக்கும். அல்லது வைஃபை வழியாக உலகின் எந்த மூலையில் இருக்கும் செல்பேசிக்கும் அனுப்பும். பலவற்றில் ஒலிவாங்கியும் உண்டு. 'வீட்டுப் பாதுகாப்பு' என்ற பெயரில்தான் இவையெல்லாம் விற்கப்படுகின்றன.

பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு கேமரா எப்படிப் பாதுகாப்பு தருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். வாசலில் இருக்கும் கேமரா திருடனின் கண்ணில் படுகிறது. 'இங்கே கேமரா உள்ளது' என்ற பலகையும் படுகிறது. அவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறான். ஆக, கேமரா பார்ப்பதால் மட்டும் பாதுகாப்பு வருவதில்லை. அது பார்க்கிறது என்று தெரிவதாலும் வருகிறது.

ஒளித்து வைத்த கேமராவில் இந்தப் பயன் இல்லை. அது எவரையும் தவறு செய்யாமல் தடுப்பதில்லை. தவறு நடக்கட்டும் என்று காத்திருக்கிறது. அதுவும் வெளியாளுக்காகக் காத்திருப்பதில்லை. சமையலறையிலும் கூடத்திலும் நாள் முழுவதும் நடமாடுகிறவர்கள் யார்? வேலைக்கார அம்மா, தாதி, ஆயா, மருமகள், வயதான தாய். நாம் தினமும் பேசிப் பழகி, ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடும் மனிதர்களையே அந்தக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

இது வணிக நிறுவனங்களுக்கும் புரிந்திருக்கிறது. பயணிகளுக்கு வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனம், மறைத்து வைக்கும் கேமராக்களை முன்பே தடை செய்திருந்தது. 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எந்தக் கேமராவும் கூடாது என்று உலகம் முழுவதற்கும் விதித்துவிட்டது. வெளியே வைக்கும் கேமராவைக்கூட விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில நாள் தங்கிப் போகும் அந்நியருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, பல ஆண்டுகளாக நம் வீட்டில் உழைக்கும் ஒருவருக்குக் கிடைக்க வேண்டாமா?

கூடம் யாருடைய படுக்கையறை?

"நான் கூடத்தில்தான் வைத்திருக்கிறேன், படுக்கையறையில் இல்லையே" என்று பலர் சொல்கிறார்கள். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நம் வீடுகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்ணுக்குத் தனி அறை கொடுக்கும் வீடுகள் எத்தனை? அவர் பாய் விரிப்பது கூடத்தில் அல்லது சமையலறை ஓரத்தில். இரவில் சேலையைத் தளர்த்திக்கொள்வதும் காலையில் திருத்திக் கட்டுவதும் அங்கேதான். நமக்கு அது கூடம். அவருக்கு அதுதான் படுக்கையறை.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெற்றோரின் கட்டிலும் பெரும்பாலும் முன்னறையில்தான் இருக்கும். உடம்பு துடைப்பதும் துணி மாற்றுவதும் அங்கேயே நடக்கின்றன. அந்தக் காட்சி வெளிநாட்டில் இருக்கும் மகனின் செல்பேசிக்குப் போகிறது. மகனோடு மருமகளும் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்க்க முடிகிறது. அந்தத் தாயிடமோ தந்தையிடமோ யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போகும் வழக்கம் நம் பங்குகளில் உண்டு. அப்படிப் போன ஒரு வீட்டில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினார். ஆனால் உட்கார்ந்த இடத்தில் பேச மறுத்தார். "சாமி, பின்னாடி திண்ணைக்குப் போயிடலாமா? இங்க பேசினா துபாயில கேக்கும்" என்றார். சுவரில் இருந்த சிறு கேமராவைக் கண்ணால் காட்டினார். நடக்கவே சிரமப்படும் அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனோம். அந்த மகன் தாயின் மேல் உயிரையே வைத்திருப்பவர் என்பது எனக்குத் தெரியும். தாய் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற கவலையில்தான் அதை வைத்தார். அந்தக் கேமரா பாட்டியின் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் அவர் எழுந்து போக முடிந்தது. கடிகாரத்துக்குள் ஒளிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நகை காணாமல் போகும் நாள்

வீட்டில் ஒரு மோதிரம் காணவில்லை என்றால் முதல் பார்வை யார் மேல் விழுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவருடைய பையைச் சோதிக்கிறோம். தெருவில் பேச்சு பரவுகிறது. சில நாட்கள் கழித்து மோதிரம் பீரோவின் இடுக்கில் கிடைக்கிறது. ஆனால் போன பேர் திரும்ப வருவதில்லை. அந்தப் பெண்ணுக்கு அடுத்த வீட்டில் வேலையும் கிடைப்பதில்லை. எட்டாம் கட்டளை பொய் சொல்வதை மட்டும் தடுக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். திருச்சபையின் மறைக்கல்வியோ, போதிய ஆதாரமின்றிப் பிறரைப் பற்றித் தவறாக முடிவு கட்டுவதையும் அந்தக் கட்டளையின் கீழேயே வைத்துப் பேசுகிறது.

"கேமரா இருந்தால் அந்தப் பெண் குற்றமற்றவர் என்றும் தெரிந்துவிடுமே, சாமி" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அதற்குக் கேமராவை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. பீரோ இருக்கும் இடத்தில் வெளிப்படையாக ஒன்றை வைத்து, "அம்மா, இங்கே கேமரா இருக்கிறது, உங்களுக்கும் இது பாதுகாப்புதான்" என்று சொல்லிவிடலாம். சொல்லி வைத்த கேமரா இரண்டு பேருக்கும் சாட்சி. சொல்லாமல் வைத்தது ஒருவர் கையில் மட்டும் இருக்கும் ஆயுதம்.

வீட்டுப் பணியாளர்களின் கை ஏற்கெனவே தாழ்ந்துதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கென நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்றுக்கொண்ட 189ஆம் உடன்படிக்கை, வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களின் அந்தரங்கம் மதிக்கப்பட வேண்டும் என்கிறது. அதை ஏற்புறுதி செய்த நாடுகளின் வரிசையில் இந்தியா இல்லை. இவர்களுக்கென ஒரு சட்ட ஏற்பாடு பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து சேரும் வரை அந்தப் பெண்ணின் மானம் பெரும்பாலும் அவர் வேலை செய்யும் வீட்டாரின் மனச்சாட்சியிடம்தான் இருக்கிறது.

படம் வீட்டோடு நிற்பதில்லை

"என் வீட்டுப் படத்தை நான் மட்டும்தானே பார்க்கிறேன்" என்ற நம்பிக்கைக்கும் உறுதி இல்லை. 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே கசிந்தன. பெண்கள் சிகிச்சை பெறும் காட்சிகள் இணையத்தில் விலைக்கு வந்தன. அந்தக் கேமராக்கள் இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. அவற்றின் கடவுச்சொல் எவரும் ஊகிக்கக்கூடியதாக இருந்தது. பெயர் தெரியாத எவனோ ஒருவனுக்கு அது போதுமானதாயிற்று.

வெளியிலிருந்து வரும் ஆபத்து மட்டுமல்ல. அமெரிக்காவில் வீட்டுக் கேமராக்கள் விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளை 2017இல் பார்த்துவந்தார் என்று அந்நாட்டின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. படுக்கையறை, குளியலறைக் காட்சிகளும் அவற்றில் இருந்தன. 2023இல் 58 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தக் கேமராக்களை வாங்கிய பெண்கள் பாதுகாப்புக்காகத்தான் வாங்கினார்கள்.

இந்தியாவில் விற்கப்படும் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல செய்தி. ஆனால் அதற்கு முன்பே நாம் வாங்கி மாட்டிய கேமராக்களும், வாங்கிய நாளிலிருந்து மாற்றாத கடவுச்சொற்களும் அப்படியேதான் இருக்கின்றன.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ரகசியக் கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டு, விடுதியை நடத்தியவர் கைது செய்யப்பட்டார். படிப்புக்கும் வேலைக்கும் நம் பிள்ளைகளை அனுப்பும் ஊர் அது. அங்கே ஒளிந்திருந்ததும், 'வீட்டுப் பாதுகாப்பு' என்று நம் கையில் தரப்படுவதும் ஒரே வகைக் கருவிதான்.

சட்டம் எதுவரை வரும்?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கொல்கத்தா வழக்குக்கும் அதுவே வழிகாட்டி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பும் இடத்தில் அவர் உடை மாற்றுவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது போன்றவற்றைப் பார்ப்பதும் படம் பிடிப்பதும் குற்றம். முதல் முறை 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. மறுமுறை 3 முதல் 7 ஆண்டு வரை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஆண், பெண் எவராயினும் அவரது உடலின் அந்தரங்கப் பகுதியைச் சம்மதமின்றிப் படம் பிடிப்பதற்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்கிறது. கூடத்தில் படுப்பவரின் கேமராப் பதிவு இந்தப் பிரிவுகளுக்குள் வந்துவிட அதிக தூரம் இல்லை.

ஆனால் சமையலறையில் வேலை செய்யும் ஒருவரை, முழு உடையோடு, அவருக்குத் தெரியாமல் படம் பிடிப்பதை இந்தப் பிரிவுகள் நேரடியாகத் தொடுவதில்லை. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. தண்டனைச் சட்டம் பெரும்பாலும் குளியலறை வாசலில் நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிய இடத்தில் மனச்சாட்சிதான் பேச வேண்டும்.

கணவன் மனைவிக்கு இடையேயும் இந்த வழக்கம் வந்துவிட்டது. ஒருவர் பேச்சை மற்றவர் ரகசியமாகப் பதிவு செய்வது பற்றிய வழக்கில், அத்தகைய பதிவை மண வழக்குகளில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. உளவு பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டதே அந்த மணவாழ்வு முறிந்திருப்பதன் அடையாளம் என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

விதிவிலக்கே இல்லையா?

உண்டு என்றே நினைக்கிறேன். பேசத் தெரியாத குழந்தையின் உடம்பில் தழும்பு இருக்கிறது. நினைவு தப்பிய தகப்பனார் தாதியைக் கண்டாலே நடுங்குகிறார். இப்படிப்பட்ட நேரத்தில் தமக்காகப் பேச முடியாத ஒருவரைக் காப்பது நம் கடமை. முதலில் செய்யக்கூடியவை பல. சொல்லாமல் திடீரென்று வீட்டுக்கு வாருங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். ஆளை மாற்றுங்கள். குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. காவல் நிலையமும் இருக்கிறது.

இவற்றால் முடியாமல் ரகசியக் கேமராதான் வழி என்றால், அது ஒரே இடத்தில், சில நாட்களுக்கு மட்டும், ஆபத்தில் இருப்பவரை நோக்கியே இருக்கட்டும். உடை மாற்றும் இடம் வேண்டவே வேண்டாம். வீட்டில் பொறுப்புள்ள ஒருவர் மட்டும் பார்க்கட்டும். கொடுமை பதிவாகியிருந்தால் கருவியோடு அப்படியே காவல்துறையிடம் ஒப்படையுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விட்டால் நீதியும் கிடைக்காது, பாதிக்கப்பட்டவரின் மானமும் மிஞ்சாது. எதுவும் பதிவாகவில்லை என்றால் பதிவை அழித்து, கேமராவையும் எடுத்துவிடுங்கள். அந்த மனிதரை அவருக்கே தெரியாமல் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தோம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

1. கேமரா வாசலையும் சுற்றுச்சுவரையும் பார்க்கட்டும். பக்கத்து வீட்டாரின் ஜன்னலையும் குளியலறைப் பக்கத்தையும் பார்க்க வேண்டாம்.

2. உள்ளே வைக்க வேண்டியிருந்தால், அங்கே வாழ்கிற, வேலை செய்கிற எல்லாரிடமும் எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள். வேலைக்குச் சேரும் நாளிலேயே சொல்வது நல்லது.

3. வீட்டோடு தங்கும் பணியாளருக்குக் கேமரா இல்லாத, தாழ்ப்பாள் உள்ள ஓர் இடம் கொடுங்கள்.

4. பெற்றோரின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர்கள் விரும்பும் நேரத்தில் நிறுத்திக்கொள்ள ஒரு சுவிட்சைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஒலிப்பதிவு வேண்டாம்.

5. கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். பழைய பதிவுகளை அழியுங்கள்.

6. கேமரா பார்த்துவிட்டது என்பதற்காகத் தாயோடு பேசும் தொலைபேசி அழைப்பைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சிறு வயதில் நமக்கு மறைக்கல்வி சொல்லித் தந்தவர்கள், கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்றார்கள். சிலர் அதைப் பயமுறுத்தவும் சொன்னார்கள். ஆனால் அவர் பார்ப்பதை நம்மிடமிருந்து மறைக்கவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டே பார்க்கிறார். நம்மைப் பிடிப்பதற்காக அல்ல, நம்மேல் அன்பு வைத்திருப்பதால் பார்க்கிறார். மறைந்திருந்து ஒருவரைப் பார்க்கும்போது அவருடைய பார்வையை நாம் கடன் வாங்குகிறோம். அவருடைய அன்பை விட்டுவிடுகிறோம்.

ஞாயிறு திருப்பலியில் வீட்டு எஜமானியம்மாவும் அந்த வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் ஒரே கோயிலில் அமர்ந்து, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் அந்தச் சமாதானம் சமையலறையிலும் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொரு கேமராவின் முன்னாலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இதன் எதிரே நடமாடுபவரிடம், "இங்கே கேமரா இருக்கிறது" என்று முகம் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் இன்றே சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. சிந்திப்போம், செயல்படுவோம்.